மொய் மேசை

தாத்தாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்த வருஷம் நான் ஐந்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். ஆலங்குடியில் ஒரு கடலை மண்டியில் கணக்கெழுதி ஓய்ந்தவர் அவர். கீரமங்கலம், வடகாடு சுற்றுவட்டாரத்தில் கல்யாணம், காதுகுத்து, சடங்கு எதுவானாலும் மொய் எழுத அவரைத்தான் கூப்பிடுவார்கள். காசு பிசகாத கை என்று பெயர். கண் மங்கிய பிறகு, "வேற ஆளப் பாருங்கப்பா" என்று சொல்லிப் பார்த்தார். யாரும் கேட்கவில்லை. கடைசியில் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவது என்று ஆயிற்று.

பெரியப்பா மகன்கள் இரண்டு பேர் மீசை முளைத்து நின்றார்கள். அவர்களை விட்டுவிட்டு என்னை ஏன் பிடித்தார் என்று அப்பாயி கேட்டபோது தாத்தா சொன்னது: "அவனுக எழுதினா, எவன் எவ்வளவு வச்சான்னு பொழுது சாயறதுக்குள்ள ஊருக்கே தெரிஞ்சிரும். இது சின்னப்புள்ள. நாளைக்கே மறந்துரும்."

அது 1980களின் நடுப்பகுதி. நான் எதையும் மறக்கவில்லை. அந்த மேசையில் தாத்தா எனக்கு எதையும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. மனுஷர்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதிக்கு மேல் அங்கே வந்து சேர்ந்ததுதான்.

மேசையைப் போடும் இடத்தில் தொடங்கும் அவருடைய சட்டம். பந்தலின் வாசலில் போடக் கூடாது. சாப்பாட்டுப் பந்தியிலிருந்து வெளியே வருகிற வழியில், கை கழுவுகிற இடத்தைத் தாண்டிப் போட வேண்டும். நேராக மேசைக்கு வருகிற ஆளைப் பார்த்து முதல் கேள்வி, "சாப்பிட்டாச்சா?" என்பதுதான். இல்லை என்றால், "போயி உக்காந்து எந்திரிச்சு வா" என்று திருப்பி அனுப்பிவிடுவார். ஒருமுறை ஏன் என்று கேட்டேன். "காச வச்சுட்டு எலையில உக்காந்தா கிளப்புக் கடையில சாப்பிட்ட மாதிரி ஆயிடும்" என்றார். இதில் இன்னொரு சௌகரியமும் இருந்தது. கையில் காசில்லாமல் வந்தவர் சாப்பிட்டுவிட்டுப் பந்தலின் பின்பக்கமாகப் போய்விடலாம். அந்தப் பக்கம் தட்டி வைத்து அடைக்கக் கூடாது என்பதையும் பந்தல்காரரிடம் தாத்தாதான் சொல்லிவைப்பார்.

மேசைமேல் மடித்த வெள்ளை வேட்டி. அதன்மேல் பித்தளைத் தாம்பாளம், ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு, நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய நீள நோட்டு. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு, முதல் வரியில் 'பிள்ளையார் ரூ. 1' என்று எழுதி, வீட்டுக்காரர் ஒரு ரூபாய் வைப்பார். இரண்டாவது வரி தாய்மாமனுக்கு. அவர் வரத் தாமதமானால் அந்த வரியைக் காலியாக விட்டுவிட்டு மூன்றாவது வரியிலிருந்து எழுதுவோம். ஒரு கல்யாணத்தில் தாய்மாமன் கடைசிவரை வரவே இல்லை. சாயங்காலம் மணப்பெண்ணின் அம்மா மேசைக்கு வந்தாள். அந்த வெற்று வரியைப் பார்த்தவள், இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையிலிருந்து காசை எடுத்துத் தன் அண்ணன் பேரில் தானே எழுதச் சொன்னாள். தாத்தா ஒரு வார்த்தை பேசவில்லை. "எழுதும்மா" என்றார் என்னிடம்.

பணம் தாம்பாளத்தில் விழுந்த பிறகுதான் பேனா நகர வேண்டும். "எழுதிக்கங்க, நாளைக்கு அனுப்பிவைக்கிறேன்" என்று பெருந்தொகை சொல்கிறவர்கள் ஊருக்கு ஒருவர் உண்டு. அவர்களிடம் தாத்தாவுக்குச் சட்டென்று காது கேட்காமல் போய்விடும். கண்தான் மங்கல், காது பாம்புக் காது என்பது எல்லோருக்கும் தெரியும். அப்படியும் மூன்று தடவை "என்னப்பா?" என்று கேட்பார். நாலாவது தடவை சொல்ல அவர்களுக்கே கூச்சமாகிவிடும்.

பக்கத்தில் மைக்செட்டு. அதைப் பிடித்திருந்தவர் எங்கள் தெருக்காரர், நாடகத்தில் ராஜபார்ட் கட்டியவர். ஐந்து ரூபாய்க்கு ஒரு குரல், ஐம்பது ரூபாய்க்கு ஒரு குரல், நூறு என்றால் வசனம். "வடக்குத் தெரு மூத்த மருமகன், வாரி வழங்கும் வள்ளல்" என்று தொடங்கிவிடுவார். தாத்தாவுக்கு இது பிடிக்காது. ஒரு கல்யாணத்தில் வீட்டுக்காரரிடம் பேசி, பேரையும் ஊரையும் மட்டும் படிக்க வேண்டும், தொகையைப் படிக்கக் கூடாது என்று ஏற்பாடு செய்தார். அன்று சாயங்காலம் கணக்குப் பார்த்தபோது, வீட்டுக்காரர் எதிர்பார்த்ததைவிடக் கணிசமாகக் குறைந்திருந்தது. ராஜபார்ட் சிரித்துக்கொண்டே வெற்றிலையைத் துப்பினார். தாத்தாவும் சிரித்துவிட்டார். "நம்ம ஆளு கையால குடுக்க மாட்டான்டா, காதாலதான் குடுப்பான்" என்றார். மறுபடி அந்த ஏற்பாட்டை அவர் செய்யவே இல்லை. பெருமைக்காகக் கொடுத்தால் என்ன, அடுப்பு எரிகிறதா இல்லையா என்பதுதான் அவர் கணக்கு.

இந்த ஒரு விஷயத்தை ஏற்றுக்கொள்ள எனக்கு வெகுகாலம் ஆயிற்று. கல்லூரி வயதில், மைக்கில் பேர் சொல்லிக் கொடுப்பது என்ன கொடை என்று நானும் மேடைப் பேச்சுப் பேசியவள்தான். இப்போது நினைத்தால், மொய் என்கிற ஏற்பாட்டை யோசித்தவர்கள் மனுஷனைத் திருத்தப் பார்க்கவில்லை. அவன் மறப்பான், அதனால் நோட்டு போட்டார்கள். அவனுக்குப் பேர் வேண்டும், அதனால் உரக்கப் படித்தார்கள். கை நீட்டி வாங்க வெட்கப்படுவான், அதனால் வாங்குகிறவனையே விருந்து வைக்கிறவனாக ஆக்கி, கூப்பிடவும் உபசரிக்கவும் வைத்தார்கள். பொறாமை, வீம்பு, பயம் என்று கையில் கிடைத்ததையெல்லாம் போட்டுக் கட்டிய வீடு அது. ஆனாலும் ஒழுகாமல் நின்றது, பெரும்பாலும்.

புதுநடை என்று ஒன்று உண்டு. வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொன்னால் தலை சுற்றும். நம் வீட்டு விசேஷத்தில் ஒருவர் இருபத்தைந்து ரூபாய் எழுதியிருந்தால், அவர் வீட்டு விசேஷத்தில் நாம் ஐம்பது எழுதுவோம். இருபத்தைந்து பழையதைத் திருப்பியது, இருபத்தைந்து புதுநடை. இப்போது அவர் நமக்குக் கடன். அடுத்தமுறை அவர் அதைத் திருப்பும்போது மேலே புதுசாக ஒன்றைப் போடுவார், நாம் கடனாகிவிடுவோம். கணக்கு ஒருநாளும் நேராகாது. நேராகக் கூடாது என்பதுதான் இதன் சூட்சுமம்.

நேரான ஒரு நாளை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் சித்தப்பா வீட்டுக் கல்யாணத்தில், வெள்ளைச் சட்டையும் கைக்கடிகாரமுமாக ஒருவர் வந்தார். நெருங்கிய உறவுதான், சித்திக்கு அண்ணன் முறை. முன்பு சித்தப்பா எழுதிய தொகையைச் சில்லறை உள்பட எண்ணி வைத்தார். தாத்தா, "புதுநடை?" என்றார். "இல்லை." தாத்தா கேட்காதவர் போல மறுபடி, "புதுநடை எவ்வளவு மாப்ளே?" என்றார். "இல்லைங்க, எழுதுங்க." வரிசையில் நின்ற இரண்டு மூன்று பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். எழுதினேன். ராஜபார்ட்டுக்கே வசனம் வரவில்லை, வெறும் பேரைப் படித்தார். அவருடைய மகளை எங்கள் வீட்டில் கேட்காமல் வேறு இடத்தில் பெண் எடுத்ததுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. அன்று ராத்திரி சமையல்கட்டில் சித்தி தேம்பித் தேம்பி அழுதாள். வந்து நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருந்தால்கூட அவள் அவ்வளவு அழுதிருக்க மாட்டாள். கடன் பாக்கி இல்லை என்றால் அந்த வீட்டுக்குப் போக இனி அவளுக்கு ஒரு வழியும் பாக்கி இல்லை.

இதற்கு நேர்மாறாக ஒன்று. மேலத் தெருவில் அண்ணன் தம்பி இரண்டு பேருக்குப் பங்குக் கிணற்றில் தகராறு. யார் எந்த நாளில் மோட்டார் போடுவது என்று ஆரம்பித்து, புதுக்கோட்டைக் கோர்ட்டு வரைக்கும் போயிருந்தது. எதிரெதிரே வந்தால் ஒருவர் வேலி ஓரமாகத் திரும்பி நின்றுகொள்வார். அண்ணன் வீட்டில் காதுகுத்து. தம்பிக்குப் பத்திரிகை வைக்கவில்லை. மத்தியானம் தம்பியின் மகள், என் வகுப்புக்காரி, பந்தலுக்குள் வந்தாள். எண்ணெய் வைத்து வாரிய தலை, நாலாக மடித்த நோட்டு கையில். மேசைக்கு நேரே வந்து, "அப்பா குடுத்துட்டு வரச் சொன்னாக" என்றாள். தாத்தா வழக்கமான கேள்வியைக் கேட்டார். சாப்பிடவில்லை என்றாள். "அப்பா சாப்பிடச் சொன்னாரா?" பதில் இல்லை. தாத்தா கொஞ்சம் யோசித்தார். பணத்தை வாங்கி வைத்துக்கொண்டு பேரை எழுதச் சொன்னார், அன்று ஒருநாள் தன் சட்டத்தைத் தானே மீறி. மைக்கில் தம்பி பேர் வந்தது. பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நின்ற அண்ணன் எங்கேயோ தென்னை உச்சியைப் பார்த்தார். பிறகு பந்தி பரிமாறிக்கொண்டிருந்தவனைக் கூப்பிட்டு, "அந்தப் பிள்ளைய உக்கார வச்சுக் கறிய நல்லாப் போடு" என்றார்.

சண்டை அதோடு தீர்ந்துவிடவில்லை. வழக்கு அதற்குப் பிறகும் பல வருஷம் நடந்தது, வக்கீல்கள் இரண்டு பேரும் வீடு கட்டினார்கள். ஆனால் அவர்கள் அம்மா செத்தபோது இரண்டு பேரும் சேர்ந்துதான் பாடை தூக்கினார்கள். பேச்சில்லாத அந்த வருஷங்களிலெல்லாம் பிள்ளைகள் கையில் மொய் மட்டும் போய்வந்துகொண்டிருந்தது. ஊரில் இதற்குப் போக்குவரத்து என்று சொல்வார்கள். ஆள் போகாவிட்டாலும் போக்குவரத்து நிற்கக் கூடாது.

விசேஷ வீடு இல்லாத நாட்களில் தாத்தாவின் தகரப் பெட்டியைக் குடைவது எனக்குப் பொழுதுபோக்கு. பாச்சா உருண்டை வாசனையோடு நோட்டுகள் அடுக்கியிருக்கும். அடியில் கிடந்த பழைய நோட்டில் தொகையெல்லாம் தமிழ் எண்ணில் இருந்தது. ரூபாய், அணா, பைசா என்று மூன்று கட்டம். 1957-இல் நயா பைசா வந்த பிறகான நோட்டில் அணாக் கட்டத்தை அடித்துவிட்டுத் திருத்தியிருப்பார். இரண்டணா, நாலணா மொய்கள். சில வரிகளில் காசே இல்லை. 'நெல் ஒரு மரக்கால்', 'பூசணிக்காய் 2', 'பந்தலுக்குக் கீற்று', ஒரு இடத்தில் 'மூன்று நாள் தண்ணீர் சுமந்தது'. தண்ணீர் சுமந்ததற்குத் திருப்பி என்ன செய்வது என்று கேட்டேன். "அவ வீட்டுக் கல்யாணத்துக்கு உங்க அப்பாயி மூணு நாள் மாவு இடிச்சா" என்றார் தாத்தா. அவர் புரை விழுந்த கண்ணுக்கு அந்த வரி தெரிந்திருக்க நியாயமில்லை. மனப்பாடம்.

பத்திரிகை வந்தால் அன்று ராத்திரி விளக்கு வைத்த பிறகு நோட்டு இறங்கும். "அவுக நமக்கு என்ன செஞ்சிருக்காக, பாரு." நான் தேடிப் படிப்பேன். ஊர், பட்டப்பேர், தகப்பன் பேர் எல்லாம் வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும், ஒரே பேரில் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். 'ஒட்டடை' என்றும் 'கோழி' என்றும் பட்டப்பேர் உள்ளவர்களை அப்படியே எழுதினால்தான் பிறகு அடையாளம் தெரியும். ஆனால் எழுதும்போது ஆள் எதிரேயே நிற்பார். தாத்தா ஒரு வழி வைத்திருந்தார். அந்த வரிக்கு நேரே ஓரத்தில் ஒட்டடைக்குச்சி மாதிரி ஒரு கோடு, கோழி மாதிரி ஒரு கிறுக்கல். அந்த நோட்டுகளின் ஓரமெல்லாம் ஒரு சின்ன மிருகக்காட்சி சாலை.

1987-இல் காந்தி படம் போட்ட ஐந்நூறு ரூபாய் நோட்டு வந்தது. எங்கள் பக்கத்தில் அதை முதலில் பார்த்தது மொய்த் தாம்பாளத்தில்தான். சிங்கப்பூரிலிருந்து வந்த ஒருவர் வைத்தார். தாத்தா அதைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்தார், கண்ணுக்கு அருகே கொண்டுபோனார், என்னிடம் கொடுத்து எண்ணைப் படிக்கச் சொன்னார். அதுவரைக்கும் இருபது ரூபாய் வைத்துவிட்டு நெஞ்சை நிமிர்த்திப் போனவர்கள் திரும்பி வந்து தாம்பாளத்தை எட்டிப் பார்த்தார்கள். ராஜபார்ட் அன்று பேசிய வசனம் பக்கத்து ஊருக்கே கேட்டிருக்கும். தாத்தா மட்டும் சங்கடத்தோடு இருந்தார். வீட்டுக்கு வரும் வழியில், "பாவம், இத வாங்குனவன் எப்படித் திருப்பப் போறான்?" என்றார். கொடுத்தவரைப் பாராட்டித் தாத்தா அன்று ஏதாவது சொல்வார் என்று நான் எதிர்பார்த்திருந்தேன்.

அதுவரை பெண்கள் பேரில் மொய் எழுதுவது வழக்கமில்லை. புருஷன் பேர், இல்லாவிட்டால் மகன் பேர். நான் மேசையில் உட்கார்ந்த பிறகு ஒன்று நடந்தது. பெண்கள் தாத்தா பக்கம் போகாமல் என் பக்கமாக வந்து குனிந்து பேச ஆரம்பித்தார்கள். "பாப்பா, எம்பேருல தனியா அஞ்சு ரூவா எழுது" என்றாள் ஒருத்தி. பூக்கட்டிச் சேர்த்த காசு. கீரமங்கலம் பூ மார்க்கெட்டுக்குப் போகிற முல்லையையும் கனகாம்பரத்தையும் எங்கள் ஊர்ப் பெண்கள் விடிவதற்கு முன்னால் பறிப்பார்கள், அந்தக் கூலியில் மிச்சம். மணப்பெண்ணின் தாயார் அவளுக்குச் சிநேகிதி, சின்ன வயதில் சேர்ந்து ஆடு மேய்த்தவர்கள். புருஷன் ஏற்கனவே தன் பேரில் எழுதிவிட்டுப் போயிருந்தான். நான் தாத்தாவைப் பார்த்தேன். "யாரு பேருல கேக்குறா?" என்றார். சொன்னேன். "நாளைக்கு இதத் திருப்பிக் குடுக்கிறப்ப அவ கையில குடுப்பாகளா, அவன் கையில குடுப்பாகளா?" என்று அவளிடமே கேட்டார். அவள் யோசிக்கவே இல்லை. "என் கையில குடுக்கச் சொல்லி எழுதிருங்க சித்தப்பா."

அப்படியே எழுதினேன், 'கையில்' என்ற சொல்லோடு. அந்த வருஷம் முடிவதற்குள் நோட்டின் கடைசிப் பக்கங்கள் பெண்கள் பேருக்கு என்று ஒதுக்கப்பட்டுவிட்டன. மைக்கில் அவற்றைப் படிப்பதில்லை. படிக்க வேண்டாம் என்றுதான் அவர்களும் கேட்டுக்கொண்டார்கள். காதால் கொடுப்பதைப் பற்றித் தாத்தா சொன்னது பாதிப் பேருக்குத்தான் பொருந்தும் போலிருக்கிறது.

எங்கள் ஊரில் ஒரு கட்டைப் பிரம்மச்சாரி இருந்தார். எல்லோருக்கும் சித்தப்பா. முப்பது வருஷத்துக்கு மேலாக ஒரு வீட்டு மொய் விடாமல் எழுதிவந்தவர். அவர் வீட்டில் விசேஷம் என்று ஒன்று வர வழியே இல்லை. அக்கா தங்கையும் கிடையாது. அவருக்குப் போய்ச் சேர வேண்டியது ஊர் முழுக்க நிற்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் கொண்டுபோய்க் கையில் கொடுத்தால் பிச்சை மாதிரி ஆகிவிடும், அவரும் வாங்க மாட்டார். ஒரு வருஷம் கடலை விளைச்சல் சரியில்லை, அவருக்குக் கால் ஒடிந்து தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கிடந்து வந்தார். தாத்தாவும் இன்னும் சிலரும் டீக்கடையில் கூடிப் பேசினார்கள். என்ன காரணம் சொல்லி விருந்து வைப்பது? புதுமனை புகுவிழா என்றால் வீடு பழசு. கிணறு வெட்டியதற்கு என்றால் கிணறே இல்லை. ஒருவர், "நாய் குட்டி போட்டுச்சுன்னு அடிச்சிருவோம்" என்றார். கடைசியில் காரணம் எதுவும் போடாமல், பேரைப் போட்டு, 'நடத்தும் விருந்து' என்று மட்டும் பத்திரிகை அடித்தார்கள்.

இந்த யோசனை எங்கள் ஊரில் புதிதாகப் பிறந்தது என்று சொல்லவில்லை. பேராவூரணிப் பக்கத்தில் மொய் விருந்து என்றே தனியாக நடத்திக்கொண்டிருந்தார்கள், எங்கள் பக்கமும் பரவிக்கொண்டிருந்த நேரம். ஆடியில் கல்யாணம் கிடையாது, பந்தலும் பாத்திரமும் சும்மா கிடக்கும். ஆடி, ஆவணியில் ஆட்டுக்கறி விருந்து போட்டு மொய் வாங்குவார்கள். ஒரு குடும்பம் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறைதான் வைக்கலாம். சிலர் சேர்ந்து ஒரே பந்தலில் நடத்திச் செலவைப் பங்கிட்டுக்கொள்வதும் உண்டு, ஆளுக்கொரு மேசை, ஆளுக்கொரு நோட்டு. விசேஷமே இல்லாதவனுக்கும் கணக்குத் திரும்ப ஒரு வாசல் வேண்டும் என்பதை யாரோ எப்போதோ உணர்ந்திருக்கிறார்கள்.

சித்தப்பா அன்று வெள்ளை வேட்டி கட்டி, கம்பை ஊன்றிக்கொண்டு, பந்தல் வாசலில் நின்று எல்லோரையும் கும்பிட்டு அழைத்தார். வாழ்க்கையில் முதல்முறையாக வீட்டுக்காரர். கூட்டம் தாங்கவில்லை. நாங்கள் நோட்டுப் போதாமல் பள்ளிக்கூடத்துக் கட்டுரை நோட்டில் எழுதினோம். ராஜபார்ட் தொண்டை கட்டிப் போனார். ராத்திரி கணக்கு முடித்துப் பணத்தை மஞ்சள் துணியில் முடிந்து கொடுத்தபோது அவர் அதை வாங்கி, முதல் வேலையாக நோட்டைப் புரட்டச் சொன்னார். பணம் எவ்வளவு என்று கேட்கவில்லை. யார் யார் வரவில்லை என்று கேட்டார். வராதவர்கள் பேரை ஒவ்வொன்றாகச் சொல்லி, "அவனுக்கு இந்த வருஷம் செரமம், போகட்டும்", "இவன் திருப்பூர்ல இருக்கான், தெரிஞ்சிருக்காது" என்று ஒவ்வொருவருக்கும் ஒரு சமாதானமும் அவரே சொன்னார்.

எல்லோரும் அவரைப் போல இல்லை. மொய்க்கு இன்னொரு முகமும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதுவது விளம்பரமாகிவிடும். ஆடி பிறந்தால் சில வீடுகளில் அடுப்பங்கரையில் பத்திரிகைகள் குவியும். தோட்டைக் கழற்றி அடகு வைத்து மொய் எழுதப் போவார்கள். எங்கள் தெருவிலேயே ஒரு குடும்பம், போர் போட மொய் விருந்து வைத்து, போரில் தண்ணீர் வராமல், வாங்கியதைத் திருப்ப முடியாமல் ராத்திரியோடு ராத்திரியாக ஊரை விட்டுப் போனது. வீட்டு வாசலில் வந்து நோட்டைப் பிரித்துச் சத்தமாகப் படித்தவர்களையும் பார்த்திருக்கிறேன். படித்தவர் மோசமானவர் இல்லை. அவருக்கு அடுத்த வாரம் மகள் கல்யாணம். ஒருவருக்கொருவர் தாங்குவதற்காகப் பின்னிய கயிறு சிலர் கழுத்தில் இறுகியது. தாத்தா தன் நோட்டிலிருந்து அந்தக் குடும்பத்தின் பக்கத்தைக் கிழிக்கவில்லை, அடிக்கவும் இல்லை. யாராவது வந்து கேட்டால் அவருக்குக் கண் தெரியாமல் போய்விடும்.

வள்ளுவர் ஒப்புரவறிதலை ஓர் அதிகாரமாகவும் ஈகையை அடுத்த அதிகாரமாகவும் வைத்திருக்கிறார், 22-ம் 23-ம். இரண்டுக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று பள்ளிக்கூடத்தில் கேட்டபோது எனக்குக் கிடைத்த விளக்கம் மனதில் நிற்கவில்லை. பிற்பாடு பிரெஞ்சு மானிடவியலாளர் மார்செல் மோஸ் 1925-இல் வெளியிட்ட கொடை பற்றிய கட்டுரையைப் படித்தேன். கொடுப்பது, வாங்குவது, திருப்புவது மூன்றுமே கடமைகள் என்கிறார். பசிபிக் தீவுகளையும் வட அமெரிக்கப் பழங்குடிகளையும் வைத்து அவர் எழுதியதைப் படிக்கும்போது எனக்குப் பித்தளைத் தாம்பாளச் சத்தம்தான் கேட்டது. கொடுக்கிறவனைவிட வாங்கிக்கொள்ளத் தெரிந்தவனுக்குத்தான் அதிகப் பக்குவம் வேண்டும் என்பது என் கட்சி. அந்தக் கட்டைப் பிரம்மச்சாரிச் சித்தப்பாவைப் பார்த்தவர்கள் இதில் என்னோடு சண்டைக்கு வர மாட்டார்கள்.

தாத்தா போன பிறகு நோட்டுகள் பெரியப்பா வீட்டுக்குப் போயின. நான் படிப்பு, வேலை என்று திருச்சிக்கு வந்துவிட்டேன். ஊரில் நூறு ஆயிரமாகி, ஆயிரம் லட்சமாகியது. 2016 நவம்பரில் ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்றபோது, மொய்ப் பணத்தைப் பெட்டியில் வைத்திருந்த உறவினர்கள் வங்கி வாசலில் நின்றார்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரை கடந்தது, நெடுவாசல், பேராவூரணிப் பக்கமெல்லாம் தென்னை வேரோடு சாய்ந்து கிடந்தது. தென்னை போனவர்கள் வீட்டு வாசலில் அடுத்த ஆடியில் பத்திரிகை வைக்கத் தயங்கினார்கள். பிறகு கொரோனா. கூடிச் சாப்பிடவே முடியாத வருஷத்தில் மொய் எங்கிருந்து?

இருந்தும் அது நிற்கவில்லை. போன ஆவணியில் பெரியப்பா பேரன் விருந்து வைத்தான். மண்டபத்தில் வரிசையாக மேசைகள். பணம் எண்ணும் மெஷின், மடிக்கணினி, ரசீது அச்சடிக்கும் சின்னப் பெட்டி, செல்போனில் அனுப்புகிறவர்களுக்கு க்யூஆர் அட்டை. பந்தியிலிருந்து வெளியே வரும் வழியில்தான் மேசைகள் இருந்தன. அது தற்செயலா, வழிவழியாக வந்ததா என்று நான் விசாரிக்கவில்லை.

என் மேசையில் கல்லூரிப் பெண் ஒருத்தி. "சாப்ட்டீங்களா அத்தை?" என்றாள். சாப்பிட்டேன் என்றேன். பேரைக் கேட்டுத் தட்டினாள். பழைய கணக்கு திரையில் வந்தது. "புதுநடை எவ்வளவு?" அதற்கென்று தனிக் கட்டமே வைத்திருக்கிறார்கள். சொன்னேன். பிறகு அவள் திரையைப் பார்த்துக் கொஞ்சம் நெளிந்தாள். "மாமா பேரு, இல்லாட்டி உங்க அப்பா பேரு போடணும் அத்தை. அது இல்லாம ஏத்துக்க மாட்டேங்குது."

"என் பேருல மட்டும் எழுது."

"பண்ணிப் பார்த்தேன் அத்தை, செவப்புக் கலர்ல காட்டுது."

வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர் செருமினார். "அந்தக் கட்டத்துல ஊர் பேரைப் போடு" என்றேன். "ஊர் பேரு ஏற்கனவே இருக்கே." "இன்னொரு தடவை போடு." அவள் சிரித்துக்கொண்டே தட்டினாள். கணினி மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது, ரசீது வந்தது. இரண்டு நிமிஷம் கழித்து மைக்கில் ஒரு பையன் குரல் என் பேரைப் படித்தது. ஊரை மட்டும் இரண்டு தடவை சொன்னான். இரண்டாவது தடவை கொஞ்சம் சந்தேகத்தோடு.